சிசிபிஏ திருத்த மசோதாவை எங்கிருந்து படிப்பது?

கேள்வி: கலிபோர்னியாவின் நுகர்வோர் தனியுரிமைச் சட்டத்துக்கு (சிசிபிஏ) ஆண்டுதோறும் திருத்த மசோதாக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எங்கள் நிறுவனம் சென்னையிலிருந்து அங்குள்ள இரண்டு சில்லறை வணிக நிறுவனங்களின் வலைத்தளங்களையும் வாடிக்கையாளர் தரவையும் கவனித்துக்கொள்கிறது. எந்த மசோதாவைப் பொருட்படுத்த வேண்டும், எதை விட்டுவிடலாம்? முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்?

பதில்:

மசோதாவின் முகப்பில் இருக்கும் சுருக்கத்தைத் தாண்டிப் போய் முதலில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: 1798.140, 1798.145. கலிபோர்னியா சிவில் சட்டத் தொகுப்பில் முன்னது வரையறைகள், பின்னது விதிவிலக்குகள். தன் தகவலைக் கேட்டுப் பெறுவது, அழிக்கச் சொல்வது, விற்காதே என்று தடுப்பது போன்ற உரிமைகள் 1798.100 முதல் 1798.125 வரை இருக்கின்றன. செய்தித்தாள்கள் எழுதுவது பெரும்பாலும் அந்தப் பகுதியைப் பற்றித்தான். ஆனால் 2020-இல் வாக்காளர்கள் முன்மொழிவு 24 என்ற நேரடி வாக்கெடுப்பில் விரிவாக்கிய பிறகு அங்கே பெரிய அசைவு இல்லை. அந்த உரிமை யாருக்கு, எந்தத் தரவுக்கு, எந்தத் தேதியிலிருந்து என்பதில்தான் ஒவ்வோர் ஆண்டும் இழுபறி.

2019-இல் வந்த ஏபி 874 இதற்கு நல்ல உதாரணம். (ஏபி என்றால் கீழவையில் தொடங்கிய மசோதா, எஸ்பி என்றால் செனட்டில் தொடங்கியது.) மூலச் சட்டத்தில் ஒரு நபருடனோ வீட்டாருடனோ 'தொடர்புபடுத்த முடிகிற' எந்தத் தகவலும் தனிப்பட்ட தகவல்தான். கோட்பாட்டளவில் எதைத்தான் தொடர்புபடுத்த முடியாது? சர்வர் பதிவேட்டில் கிடக்கும், பெயரில்லாத ஓர் அடையாள எண்கூட அதில் மாட்டும். ஏபி 874 அதை 'நியாயமான அளவில் தொடர்புபடுத்த முடிகிற' என்று ஆக்கியது. அதே மசோதா அரசு ஆவணங்களில் பொதுவில் கிடைக்கும் தகவலுக்கான விலக்கையும் அகலமாக்கியது. அரசு எந்த நோக்கத்துக்காக வைத்திருக்கிறதோ அதற்கு ஒத்த நோக்கத்துக்குத்தான் விலக்கு என்றிருந்த கட்டுப்பாடு போய்விட்டது. உரிமைப் பிரிவில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் அழிக்கச் சொல்லி வரும் கோரிக்கைக்கு எந்தெந்தத் தரவுத்தளத்தைத் தேட வேண்டும் என்பது மாறியது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். 2024-இல் எஸ்பி 1223 நரம்பியல் தரவை 'உணர்திறன் மிக்க தகவல்' பட்டியலில் சேர்த்தது. தலைப்பைப் பார்த்தால் எல்லா உடற்பயிற்சிக் கடிகாரங்களும் மாட்டியது போலத் தோன்றும். வரையறையைப் படித்தால், மைய அல்லது புற நரம்பு மண்டலத்தின் செயல்பாட்டை அளந்து பெற்ற தகவல் மட்டுமே அது. வேறு வகைத் தரவிலிருந்து ஊகித்தது சேராது. சில்லறை வணிகத் தளத்துக்கு இதில் வேலை எதுவும் இல்லை. அதே ஆண்டின் ஏபி 1008 அப்படியல்ல. தனிப்பட்ட தகவல் காகிதத்திலோ கோப்பிலோ மட்டுமல்ல, அதை வெளியிடக்கூடிய செயற்கை நுண்ணறிவு அமைப்புகளுக்குள்ளும் இருக்கலாம் என்று அது தெளிவாக்கியது. வாடிக்கையாளர் உரையாடல்களைக் கொண்டு நீங்கள் ஒரு மொழி மாதிரியைப் பயிற்றுவித்திருந்தால், நாளை அழிப்புக் கோரிக்கை வரும்போது தரவுத்தள வரிசையை நீக்கிவிட்டால் முடிந்ததா என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். பயிற்சிக்கு முன்பே பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண்களைக் களைந்துவிடுவதுதான் மலிவான வழி. பயிற்றுவித்த பிறகு களைவது அநேகமாக மறுபயிற்சியில்தான் முடியும்.

மசோதாவோடு சேர்த்து ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளையும் இதே கண்ணோடு பாருங்கள். கலிபோர்னியா தனியுரிமைப் பாதுகாப்பு முகமை, தானியங்கி முடிவெடுப்பு, இடர் மதிப்பீடு, இணையப் பாதுகாப்புத் தணிக்கை ஆகியவை பற்றிய விதிகளை 2025 ஜூலையில் ஏற்றது. 2025 செப்டம்பரில் அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்தது, 2026 ஜனவரி 1 முதல் நடைமுறை. முந்தைய வரைவுகளில் மனித முடிவுக்குப் 'பெருமளவு துணைசெய்யும்' மென்பொருளும் அடங்கியிருந்தது. இறுதி விதியில் மனித முடிவை முழுதாகவோ பெருமளவிலோ 'இடம்பெயர்க்கும்' மென்பொருள் மட்டுமே. விண்ணப்பங்களை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்க்கும் மனிதவள ஊழியர் அந்த மதிப்பெண்ணைப் புரிந்துகொள்ளத் தெரிந்தவராக, மற்ற தகவல்களையும் பரிசீலிப்பவராக, முடிவை மாற்றும் அதிகாரம் உள்ளவராக இருந்தால் கருவி விதிக்கு வெளியே போய்விடும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் உள்ளே. இந்தப் பகுதிக்கு இணங்க வேண்டிய நாள் 2027 ஜனவரி 1.

வரம்பு எண்கள் அடுத்தவை. மூலச் சட்டம் ஆண்டுக்கு 50,000 நுகர்வோர், வீட்டார் அல்லது 'சாதனங்கள்' என்றது. ஒரு நாளைக்கு 137 புதிய கைபேசிகள் வலைத்தளத்துக்கு வந்துபோனால் போதும், தெருமுனைக் கடையும் சட்டத்துக்குள் வந்துவிடும். 2020-இன் முன்மொழிவு 24 சாதனங்களை எடுத்துவிட்டு எண்ணை 1,00,000 ஆக்கியது. இப்போது மூன்றில் ஒன்று பொருந்தினால் சட்டம் பொருந்தும்: 1,00,000 நுகர்வோர் அல்லது வீட்டாரின் தகவலை வாங்குவது, விற்பது அல்லது பகிர்வது, வருமானத்தில் பாதியையோ அதற்கு மேலோ தகவலை விற்றோ பகிர்ந்தோ ஈட்டுவது, அல்லது ஆண்டு மொத்த வருவாய் ஒரு வரம்பைத் தாண்டுவது. அந்த வருவாய் வரம்பு 2.5 கோடி டாலர் என்று பலர் இன்னமும் மேற்கோள் காட்டுகிறார்கள். விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து அது மாறும். 2025 ஜனவரியில் 2 கோடியே 66 லட்சத்து 25 ஆயிரம் டாலர் ஆனது. அபராதமும் அப்படியே: ஒரு மீறலுக்கு 2,500 டாலர் இருந்தது 2,663 ஆகவும், வேண்டுமென்றே செய்ததற்கும் 16 வயதுக்குட்பட்டோர் தொடர்பானதற்கும் 7,500 இருந்தது 7,988 ஆகவும் உயர்ந்தது. இந்த வரம்புகள் உங்கள் வாடிக்கையாளருக்கானவை. உங்களைச் சட்டம் பிடிப்பது பெரும்பாலும் ஒப்பந்தம் வழியாக, அதற்குப் பிறகு வருகிறேன்.

விதிவிலக்குப் பிரிவில் கவனிக்க வேண்டியது காலாவதித் தேதி. ஊழியர், வேலைக்கு விண்ணப்பித்தவர் ஆகியோரின் தகவலுக்கு 2019-இல் ஏபி 25 ஓராண்டு விலக்கு தந்தது. நிறுவனங்களுக்கிடையிலான தொடர்புத் தகவலுக்கு ஏபி 1355 அதையே செய்தது. பிறகு அது நீட்டப்பட்டு, நீட்டப்பட்டு, 2023 ஜனவரி 1 என்று நின்றது. 2022 ஆகஸ்டில் கூட்டத்தொடர் முடியும்போது இன்னொரு நீட்டிப்பு கட்டாயம் வரும் என்று தொழில்துறை நம்பிக்கொண்டிருந்தது. வரவில்லை. மற்ற மாநிலங்களின் பொதுத் தனியுரிமைச் சட்டங்கள் ஊழியரை 'நுகர்வோர்' என்ற சொல்லிலிருந்தே விலக்கிவிடுகின்றன, கலிபோர்னியா அப்படிச் செய்யவில்லை. விளைவு 2025 செப்டம்பரில் தெரிந்தது. டிராக்டர் சப்ளை நிறுவனத்துக்கு முகமை விதித்த 13.5 லட்சம் டாலர் அபராதத்துக்கான காரணங்களில் ஒன்று, வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு அவர்களின் தனியுரிமை உரிமைகளைச் சொல்லவில்லை என்பது. உங்கள் வாடிக்கையாளரின் வேலைவாய்ப்புப் பக்கத்தையும் நீங்களே பராமரிக்கிறீர்கள் என்றால், அதில் தனி அறிவிப்பு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

எந்த மசோதா நிறைவேறும், எது சாகும் என்று கணிக்க இந்தச் சட்டம் பிறந்த விதம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுமனைத் தொழிலதிபர் அலஸ்டர் மெக்டாகர்ட் 2018-இல் இதை நேரடி மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகக் கையெழுத்துத் திரட்டினார். கலிபோர்னியாவில் வாக்காளர்கள் நிறைவேற்றிய சட்டத்தை, அந்தச் சட்டமே அனுமதித்தால் ஒழிய, சட்டமன்றம் தானாகத் திருத்த முடியாது. அந்த இரும்புப்பூட்டுக்குப் பயந்து, வாக்கெடுப்பைத் திரும்பப் பெறுவதற்கான கடைசி நாளான ஜூன் 28 அன்றே ஏபி 375-ஐ இரு அவைகளும் நிறைவேற்றி, ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்தும் போட்டார். (அந்த எண் கொண்ட மசோதா 2017-இல் இணையச் சேவை நிறுவனங்களைப் பற்றியது. உள்ளடக்கத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். எண்ணை வைத்து மசோதாவைப் பின்தொடர்பவர்கள் இதை மறக்கக் கூடாது.)

இரண்டே ஆண்டில் மெக்டாகர்ட் முன்மொழிவு 24 மூலம் பூட்டைப் போட்டே விட்டார். சட்டமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் திருத்தலாம், ஆனால் திருத்தம் அந்த முன்மொழிவின் நோக்கத்தோடு ஒத்துப்போய் அதை முன்னெடுக்க வேண்டும். அதனால்தான் இந்த மசோதாக்களின் கடைசியில் 'இது 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கத்தை முன்னெடுக்கிறது என்று சட்டமன்றம் கருதுகிறது' என்றொரு பத்தி வரும். பாதுகாப்பைக் குறைக்கும் மசோதாவில் இந்தப் பத்தி இருந்தாலும் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. ஆகவே வணிகத் தரப்பு சிசிபிஏ-யை நேரடியாகத் தொடாமல் பக்கத்துச் சட்டத்தில் கைவைக்கப் பார்க்கும். 2025-இன் எஸ்பி 690 அப்படிப்பட்டது. ஒரு மீறலுக்கு 5,000 டாலர் கேட்டு, வலைத்தளப் பின்தொடர் நிரல்கள் மீது வழக்குப் போட உதவும் பழைய ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டத்தில் 'வணிக நோக்கத்துக்கு' விலக்கு கேட்டது. செனட்டில் ஒரு எதிர்ப்பு வாக்கும் இல்லாமல் தாண்டி, கீழவையில் அந்த ஆண்டு நகராமல் நின்றது. உங்களைப் போன்றவர்களுக்குப் பல சிசிபிஏ மசோதாக்களைவிட இந்த வகை முக்கியம்.

மசோதாக்கள் சாகும் இடம் பெரும்பாலும் நிதிக்குழு. கீழவையில் அரசுக்கு ஆண்டுக்கு 1,50,000 டாலருக்கு மேல் செலவு வைக்கும் மசோதாக்கள் நிறுத்திவைப்புக் கோப்புக்குப் போகும். பிறகு ஒரே நாளில் எல்லாவற்றையும் வரிசையாக வாசித்து, எது தாண்டியது, எது நின்றது என்று காரணம் சொல்லாமல் அறிவிப்பார்கள். 2019-இல் எல்லா மீறலுக்கும் நுகர்வோரே வழக்குப் போடலாம் என்ற எஸ்பி 561, அன்றைய அரசுத் தலைமை வழக்கறிஞர் சேவியர் பெசெராவின் ஆதரவு இருந்தும் செனட் நிதிக்குழுவில்தான் நின்றது. இன்றும் 1798.150-இன்படி தனிநபர் வழக்கு தரவுக் கசிவுக்கு மட்டுமே. சட்டம் சொல்லும் இழப்பீடு ஒருவருக்கு ஒரு சம்பவத்துக்கு 107 முதல் 799 டாலர். எந்த மசோதாவாவது அந்தப் பிரிவைத் தொட்டால், வேலையை நிறுத்திவிட்டு அதைப் படியுங்கள். இழப்பீட்டுத் தொகை சின்னதாகத் தெரியலாம், அதை வாடிக்கையாளர் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள்.

இப்போது உங்கள் வேலையை நேரடியாகத் தொடும் மசோதாவுக்கு வருவோம்: ஏபி 566. இதன் முந்தைய வடிவமான ஏபி 3048-ஐ 2024 செப்டம்பரில் ஆளுநர் கேவின் நியூசம் வீட்டோ செய்தார். உலாவிகளோடு கைபேசி இயங்குதளங்களிலும் 'என் தகவலை விற்காதே' என்ற சைகையை அனுப்பும் வசதி வேண்டும் என்றது அது. இயங்குதள வடிவமைப்பைச் சட்டத்தால் கட்டாயப்படுத்துவதில்தான் அவருக்குத் தயக்கம். அடுத்த ஆண்டு மசோதாவை எழுதியவர்கள் இயங்குதளத்தை எடுத்துவிட்டு, உலாவி தயாரிப்பாளருக்குச் சைகையைப் பெறும் தளத்தின் தவறுக்குப் பொறுப்பில்லை என்ற பாதுகாப்பையும் சேர்த்தார்கள். 2025 அக்டோபரில் கையெழுத்தாகிவிட்டது. 2027 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு உலாவியிலும் எளிதில் கண்டுபிடித்து இயக்கக்கூடிய அமைப்பு இருக்க வேண்டும். வீட்டோ செய்யப்பட்ட மசோதாவின் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு எது வெட்டப்பட்டுத் திரும்பி வரும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

சைகையை மதிக்கும் கடமை புதிதல்ல. 2022-இல் அழகுசாதனக் கடைத்தொடரான செஃபோராவுக்கு 12 லட்சம் டாலர் விதிக்கப்பட்டதே இதனால்தான். பகுப்பாய்வு நிரலைத் தளத்தில் வைத்து, பதிலுக்கு விளம்பரப் பயன் பெற்றதும் 'விற்பனை' என்றாகிவிட்டது, பணம் கைமாற வேண்டியதில்லை. இதுவரை ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ், டக்டக்கோ பயனர்களும் உலாவி நீட்சி நிறுவியவர்களும்தான் சைகையை அனுப்பினார்கள். குரோம், சஃபாரி, எட்ஜ் ஆகியவற்றிலும் வசதி வந்ததும் அளவு மாறும். ஓட்டையான செயல்படுத்தல் அப்போதுதான் வெளியே தெரியும்.

சோதிக்கும் முறை எளிது. புதிய உலாவிக் கணக்கில், கோரிக்கைத் தலைப்பில் அந்தச் சைகையான 'Sec-GPC: 1' போகும்படி செய்து, உலாவியின் டெவலப்பர் கருவிகளில் வலைப்பின்னல் (நெட்வொர்க்) தாவலைத் திறந்து வைத்து முகப்பு, பொருள் பக்கம், பணம் செலுத்தும் பக்கம் மூன்றையும் ஏற்றுங்கள். விளம்பரக் களங்களுக்கு ஏதாவது கோரிக்கை போனால் தோல்வி. வழக்கமான காரணங்கள் நான்கு. ஒப்புதல் பட்டை மென்பொருள் ஏறுவதற்கு முன்பே விளம்பர நிரல் ஓடிவிடுவது, இதுதான் மிக அதிகம். குறிச்சொல் மேலாளருக்கு (டேக் மேனேஜர்) வெளியே, தளத்தின் கருப்பொருள் (தீம்) கோப்பில் யாரோ நேரடியாக ஒட்டிவைத்த பழைய பிக்சல் அடுத்தது. மூன்றாவது, உலாவிப் பக்கம் எல்லாம் நின்றும் சர்வரிலிருந்து நேராக விளம்பர நிறுவனத்துக்குப் போகும் கொள்முதல் நிகழ்வுகள். இவை வலைப்பின்னல் தாவலில் தெரியாது, சர்வர் பதிவேட்டில்தான் தேட வேண்டும். நான்காவது, உள்ளடக்கத் தேக்ககம் (கேச்) அந்தத் தலைப்பைக் கவனிக்காமல் எல்லாருக்கும் ஒரே பக்கத்தைக் கொடுத்துவிடுவது.

பிறகு உள்நுழைந்த பயனராகச் சோதியுங்கள். அடையாளம் தெரிந்த வாடிக்கையாளர் ஒரு கணினியில் சைகை அனுப்பினால், விலகல் அந்த உலாவியோடு நிற்காமல் அவர் கணக்குக்கே பொருந்த வேண்டும். வாராந்திர வாடிக்கையாளர் பட்டியலைச் சமூக ஊடகத்துக்கு ஏற்றும் வேலை கணக்கில் உள்ள இந்த விலகல் குறியைப் பார்ப்பதே இல்லை என்பது சாதாரணமாகக் காணும் குறை. 2026 ஜனவரி முதல் விலகல் ஏற்கப்பட்டதா என்பதைப் பயனருக்குத் தளத்தில் காட்டவும் வேண்டும். ஹோண்டாவின் 6,32,500 டாலர் அபராதத்தையும் நினைவில் வையுங்கள். விலகுவதற்குத் தேவைக்கு மேல் அடையாளத் தகவல் கேட்டது, ஏற்க ஒரு சொடுக்கும் மறுக்க இரண்டு சொடுக்குமாகப் பட்டையை அமைத்தது, விளம்பர நிறுவனங்களோடு முறையான ஒப்பந்தத்தைக் காட்ட முடியாதது என்று எல்லாமே அன்றாடத் தவறுகள்.

ஒப்பந்தம் பற்றி. 'சேவை வழங்குநர்' என்ற நிலை உங்களுக்குத் தானாக வருவதில்லை, சட்டம் கேட்கும் வாசகங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால்தான் வரும். விற்கவோ பகிரவோ கூடாது, குறிப்பிட்ட நோக்கத்துக்கு வெளியே பயன்படுத்தக் கூடாது, மற்ற வாடிக்கையாளரின் தரவோடு கலக்கக் கூடாது, துணை ஒப்பந்தக்காரரையும் இதே நிபந்தனையில் கட்ட வேண்டும், கடமையை நிறைவேற்ற முடியாது என்று தெரிந்தால் 5 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். இவை இல்லாவிட்டால் நீங்கள் 'மூன்றாம் தரப்பு', உங்களுக்குத் தரவு வந்ததே விற்பனையாகிவிடக்கூடும். உங்களிடம் இரண்டு வாடிக்கையாளர்கள் இருப்பதால் கலக்கக் கூடாது என்பதே உண்மையான ஆபத்து: பகிர்ந்த சோதனைத் தரவுத்தளம், இருவருக்கும் பொதுவான பரிந்துரை மாதிரி இரண்டையும் பிரித்துவிடுங்கள். வாடிக்கையாளர் பட்டியலைச் சமூக ஊடகத்தில் ஏற்றி இலக்கு விளம்பரம் செய்வதைச் சேவை வழங்குநர் என்ற பெயரில் எவரும் செய்ய முடியாது என்று விதிகளே சொல்கின்றன. ஒப்பந்தத்தில் 'நடைமுறையில் உள்ளபடியும் அவ்வப்போது திருத்தப்பட்டபடியும்' என்று சட்டத்தைக் குறிப்பிட்டிருந்தால் திருத்தத்தின் செலவு உங்கள் தலையில் விழலாம். சட்ட மாற்றத்தால் வரும் கூடுதல் வேலைக்குத் தனி விலை என்ற பிரிவை இப்போதே கேளுங்கள்.

தரவுத் தரகர்களுக்கான அழிப்புச் சட்டம் (எஸ்பி 362), அதை இறுக்கிய எஸ்பி 361 இரண்டையும் உங்கள் வாடிக்கையாளர், நேரடி உறவு இல்லாதவர்களின் தகவலை விற்றால் மட்டும் பாருங்கள். அப்படியென்றால் 2026 ஆகஸ்ட் 1 முதல் 45 நாளுக்கு ஒருமுறை பொதுத் தளத்திலிருந்து கோரிக்கைகளை எடுத்து அழிக்க வேண்டும். தவறினால் ஒரு கோரிக்கைக்கு ஒரு நாளைக்கு 200 டாலர்.

நாட்காட்டியைப் பொறுத்தவரை, பிப்ரவரியில் அறிமுகமாகும் வடிவத்தைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள். பல வெறும் இடம்பிடிப்பு மசோதாக்கள். தோன்றிய அவையைத் தாண்டிய பிறகு, ஜூன் தொடக்கத்தில் ஒருமுறை படியுங்கள். ஆகஸ்ட் நிதிக்குழுவுக்குப் பிறகு இரண்டாம் முறை. இறுதி வாசகம் வாக்கெடுப்புக்கு 72 மணி நேரம் முன்பே இணையத்தில் இருந்தாக வேண்டும், அப்போது மூன்றாம் முறை. கூட்டத்தொடர் இரட்டைப்படை ஆண்டில் ஆகஸ்ட் 31-இலும் ஒற்றைப்படை ஆண்டில் செப்டம்பர் நடுவிலும் முடியும், ஆளுநருக்கு அதற்குப் பின் ஏறத்தாழ ஒரு மாதம் உண்டு. மசோதாவில் வேறு தேதி இல்லாவிட்டால் அடுத்த ஜனவரி 1 அன்று சட்டமாகும்.

படிக்கும்போது சாய்வெழுத்து சேர்த்தது, குறுக்குக்கோடு நீக்கியது. ஒரே மசோதாவுக்குள் 1798.140 இரண்டு, மூன்று முறை முழுதாக வந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். வரையறைகள் எல்லாம் ஒரே பிரிவில் குவிந்திருப்பதால் ஒரே ஆண்டில் இரண்டு மசோதாக்கள் அதைத் தொடுவது வழக்கம், 2024-இல் ஏபி 1008-உம் எஸ்பி 1223-உம் தொட்டது போல. கடைசியாகப் பதிவாகும் மசோதாவின் வாசகம் முந்தையதை அழித்துவிடும் என்பதால், மற்றது நிறைவேறினால் எந்தப் பதிப்பு செல்லும் என்று நிபந்தனையோடு மாற்றுப் பதிப்புகளை வைப்பார்கள். எந்த எண் கடைசியாகப் பதிவானது என்று பார்த்துவிட்டு, அந்தப் பதிப்பை மட்டும் உங்கள் இணக்கக் கோப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள்.